ஒளிப்பட மாணவரின் தினசரிப் பயிற்சி: முந்தைய இரவிலிருந்து அச்சு வரை

ஒளிப்படம் கற்கத் தொடங்குபவர்கள் முதல் மாதத்தில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிறார்கள். முந்நூறு படங்களோடு திரும்பி, அன்றிரவே ஐந்தைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். மறுநாள் "இந்த ஐந்து ஏன்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. என் முதல் ஆண்டில் பாதி இப்படித்தான் போனது.

கீழே உள்ள முறைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். அதில் கேமரா கண்ணருகே இருக்கும் நேரம் அரை மணிக்கும் குறைவு. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக, படங்களைப் பார்க்கும் முன் நோட்டில் எழுதும் ஏழாவது படியை "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் அன்றைய பயிற்சியில் பாதி கைநழுவிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) மூன்றையும் நீங்களே மாற்றக்கூடிய ஒரு கேமரா, ஒரு லென்ஸ், கூடுதலாக ஒரு பேட்டரி, சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு, பேனா, படங்களைச் சேமிக்க இரண்டு தனித்தனி டிரைவ்கள். இவ்வளவு போதும்.

கைப்பேசியிலும் இதைச் செய்யலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் அபெர்ச்சர் மாறாது என்பதால் பின்னணியை மங்கலாக்கும் பயிற்சி மட்டும் நடக்காது. ஒளியைப் பார்ப்பது, ஃப்ரேம் (படத்தின் சட்டம்; எடுத்த ஒவ்வொரு படத்தையும் ஃப்ரேம் என்பார்கள்) அமைப்பது, எழுதுவது, தேர்வு செய்வது எல்லாமே நடக்கும்.

நோட்டுக்குப் பதில் கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் அதிலிருக்கும் படங்களும் செய்திகளும் கண்ணை இழுத்துக்கொள்ளும். நோட்டில் அந்தத் தொல்லை இல்லை.

2. முந்தைய இரவே கேமராவைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள்

ஒருநாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் எடுப்பதற்காக ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினேன். மறுநாள் காலை நல்ல வெயில். ஆர்வத்தில் எதையும் கவனிக்கவில்லை. வீடு திரும்பிப் பார்த்தால் அத்தனை படங்களிலும் மணல் தூவியது போல் புள்ளிகள். ஒரு காலை நேரத்துக்கு விலையாக நான் கற்றுக்கொண்ட பழக்கம் இது.

படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஐஎஸ்ஓவை 200க்கு இறக்குங்கள். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோஃபோகஸை நடுவிலுள்ள ஒற்றைப் புள்ளியில் வையுங்கள். கோப்பு வகை ராவும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஜேபெக்கும் (சுருக்கிய வழக்கமான படக் கோப்பு) சேர்ந்ததாக இருக்கட்டும். செல்ஃப் டைமர் அணைந்திருக்கிறதா, கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். கடிகாரம் தவறினால் பிறகு நோட்டில் எழுதியதையும் படத்தையும் பொருத்திப் பார்க்க முடியாது.

ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு). தானியங்கியில் விட்டால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைச் சரிசெய்துகொண்டே போகும். நிறுத்தி வைத்தால் நிழலில் எடுத்தது நீலம் பாய்ந்தும் குண்டு பல்பின் கீழ் எடுத்தது மஞ்சளாகவும் வரும். ஒளிக்கு நிறம் உண்டு என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். ரா கோப்பு இருப்பதால் நிறத்தைப் பிறகு மாற்றவும் தடையில்லை.

மெமரி கார்டை ஃபார்மேட் செய்வது கடைசி வேலை. பழைய படங்கள் இரண்டு டிரைவிலும் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்த பிறகே செய்யுங்கள். கணினியில் அழிக்காமல், கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

3. வாரத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு

கட்டுப்பாடு இல்லாமல் கிளம்பினால் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். லென்ஸ் மாறும், வெளிச்சம் மாறும், பொருள் மாறும். படம் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாறவிட்டு மற்றதைக் கட்டிவைத்தால்தான் காரணம் பிடிபடும்.

லென்ஸைப் பொறுத்தவரை முதல் சில மாதங்களுக்கு ஒரே குவியத் தூரம் (லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதைத் தீர்மானிக்கும் மி.மீ. எண்) போதும். ஒளியைப் பதியும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழு ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ., அதைவிடச் சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவில் 35 மி.மீ.; இரண்டும் ஏறக்குறைய ஒரே கோணத்தைத் தரும். ஜூம் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறதென்றால், வளையத்தை அந்த எண்ணில் வைத்து ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். பத்து நாளில், கேமராவைத் தூக்குவதற்கு முன்பே எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்று கண் சொல்லத் தொடங்கும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "தனிமை", "காலம்", "நினைவு" என்று தலைப்பு வைத்துக்கொண்டு புறப்படுவார்கள். இவற்றைக் கேமரா பார்க்காது. "நிழலின் விளிம்பு", "கதவுக் கைப்பிடிகள்", "முதுகு காட்டி நிற்பவர்கள்" என்பது போலக் கையால் சுட்டிக்காட்டக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். தனிமை வர வேண்டுமானால் அந்தக் கைப்பிடிகள் வழியாகவே வந்து சேரும்.

4. முதல் பத்து நிமிடம் கேமரா பையிலேயே இருக்கட்டும்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். கேமரா கையில் இருந்தால் பொருளைத் தேடத் தோன்றும். வெறும் கையோடு நின்றால்தான் ஒளி கண்ணில் படும்.

ஒளியைப் பார்ப்பது என்றால் என்ன என்று புரியவில்லையென்றால் முதல் நாள் வெளியே போகவே வேண்டாம். ஒரு வெள்ளைக் கோப்பையை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். ஜன்னல் பக்கம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். வெயில் நேராக விழுந்தால் கத்தியால் கீறியது போல ஒரு கோடு இருக்கும். வானம் மூடியிருந்தால் வெளுப்பு எங்கே முடிந்து இருள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்க முடியாது.

இப்போது இருண்ட பக்கத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கோப்பையின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு வெளிச்சப் பட்டை ஓடும். மேசையில் பட்ட ஒளி எழும்பி வந்து அங்கே ஒட்டியிருக்கிறது. மேசையில் சிவப்புத் துணி விரித்தால் அந்தப் பட்டை சிவக்கும். கறுப்புத் துணி விரித்தால் காணாமல் போகும். முகத்தைப் படம் எடுக்கும்போது தாடைக்குக் கீழே நடப்பதும் இதேதான்.

அடுத்து கோப்பையை அறையின் உள்சுவர் அருகே கொண்டுபோய் வையுங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறைந்ததாகத்தான் தோன்றும். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டரைக் கேட்டுப் பாருங்கள். நான் செய்து பார்த்தபோது, அதே அபெர்ச்சருக்கும் ஐஎஸ்ஓவுக்கும், ஜன்னலோரத்தில் 1/250 நொடி காட்டிய மீட்டர் சுவரருகே 1/15 நொடி காட்டியது. 250, 125, 60, 30, 15 என்று நான்கு ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது. அதாவது பதினாறில் ஒரு பங்கு ஒளி. கண் தன்னைச் சரிசெய்துகொண்டு இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. சென்சார் மறைக்காது.

வெளியே போனாலும் இதே மூன்று கேள்விகள்தான். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? நிழலின் விளிம்பு கூர்மையா, கரைவா? நிழலுக்குள் வெளிச்சம் எதிலிருந்து திரும்பி வருகிறது? விடை தெரிந்த பிறகு கேமராவை வெளியே எடுங்கள்.

5. எக்ஸ்போஷர்: மீட்டர் பொய் சொல்லும் இடம்

கேமராவிலுள்ள மீட்டருக்கு நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று தெரியாது. திரும்பி வரும் ஒளியை அளந்து, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அதனால்தான் வெள்ளைச் சுவர் அழுக்குப் படிந்தது போலவும் கறுப்புத் துணி வெளிறியும் வருகின்றன.

இதைக் கேள்விப்படுவதை விடச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு வெள்ளைக் காகிதத்தை ஃப்ரேம் முழுக்க நிரப்பி, மீட்டர் சொன்னபடியே ஒரு படம் எடுங்கள். அதே இடத்தில் அதே ஒளியில் கறுப்புத் துணியை வைத்து, மறுபடி மீட்டர் சொன்னபடி ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே சாம்பலை நெருங்கி நிற்கும். பிறகு காகிதத்துக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டியும் துணிக்கு ஒன்றரை ஸ்டாப் குறைத்தும் எடுத்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகும், கறுப்பு கறுப்பாகும்.

மூன்று எண்களையும் தீர்மானிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், இந்தப் படத்தில் முக்கியம் அசைவா, ஆழமா என்று முடிவுசெய்யுங்கள். அசைவு என்றால் ஷட்டர் வேகத்தை முதலில் வையுங்கள். நடந்துபோகிறவரின் கால் தெளிவாக வேண்டுமானால் 1/250 வேண்டியிருக்கும். முன்னும் பின்னும் தெளிவு வேண்டுமென்றால் அபெர்ச்சரை முதலில் வையுங்கள். எஃப் 8 நல்ல தொடக்கம் (எஃப் எண் பெரிதானால் துளை சிறிதாகும்). மிஞ்சிய எண்ணை மீட்டருக்கு ஏற்ப மாற்றி, போதாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்குபவர்கள் கடைசியில் 1/20 வேகத்தில் கை நடுங்க எடுத்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்கிறார்கள்.

கைநடுக்கத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஷட்டர் வேகம் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணை விட மெதுவாக இருக்கக் கூடாது. 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, சிறிய சென்சார் என்றால் ஒன்றரை மடங்கு வைத்து 1/80. நடுக்கம் தடுக்கும் வசதியுள்ள கேமராவில் இதைவிடக் கீழே போகலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரே நடப்பவரை நிறுத்தாது.

கண்ணால் கணிக்கப் பழக இன்னொரு கணக்கு: தெளிந்த வானத்தில் நேர் வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓவின் தலைகீழ் எண். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200. எஃப் 8க்குத் திறந்தால் இரண்டு ஸ்டாப் ஒளி கூடும், ஆகவே 1/800. தினமும் மீட்டரைப் பார்க்கும் முன் ஒரு எண்ணை மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்டாப்புக்குள் வந்துவிடுவீர்கள்.

கேமராவின் திரையில் படம் வெளிச்சமாகத் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். இருட்டில் பார்த்தால் எல்லாம் வெளிச்சம்தான். வெயிலில் பார்த்தால் எல்லாம் இருட்டு. இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமும் படத்தில் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது ஓரத்தில் மேடு முட்டிக்கொண்டு நின்றால் வெளுப்பில் விவரம் போய்விட்டது என்று பொருள். நிழலில் புதைந்ததை ரா கோப்பிலிருந்து ஓரளவு தோண்டி எடுக்கலாம். முற்றிலும் வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

6. இருபது ஃப்ரேம், அதற்கு மேல் இல்லை

35 மி.மீ. ஃபிலிம் சுருளில் பெரும்பாலும் 36 ஃப்ரேம் இருக்கும். நான் இருபதோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் பழைமைப் பற்று அல்ல. வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நோட்டோடு ஒப்பிட வேண்டும். இருநூறு இருந்தால் அதை யாரும் செய்யமாட்டார்கள்.

இருபதையும் இருபது இடங்களில் செலவழிக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று பொருள்கள் போதும். முதல் ஃப்ரேம் எப்போதும் கண் மட்டத்திலிருந்து, நின்ற இடத்திலிருந்தே எடுத்ததாக இருக்கும். அதை எடுத்துவிடுங்கள், எடுத்தால்தான் மனதை விட்டுப் போகும். பிறகு இரண்டு அடி முன்னே போங்கள். முழங்காலை மடக்குங்கள். பின்னணியில் இருக்கும் கம்பம் தலைக்குப் பின்னால் முளைக்காதபடி அரை அடி நகருங்கள். யாராவது நடந்து வருவார்களா என்று காத்திருங்கள்.

ஷட்டரை அழுத்தும் முன் நடுவிலிருக்கும் பொருளை விட்டுவிட்டு நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மாணவர்களின் படங்களில் நான் காணும் குறைகளில் மிகுதியானவை ஓரத்தில்தான் இருக்கின்றன: பாதி வெட்டுப்பட்ட கால், எங்கிருந்தோ நீட்டும் கிளை, மூலையில் வெளுத்த ஒரு துண்டு வானம். "பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்பது அந்த ஓரத்தை இன்று பார்க்காமலிருக்க ஒரு சாக்கு.

எடுத்த இடத்திலேயே எதையும் அழிக்காதீர்கள். சின்னத் திரையில் தவறாகத் தெரிந்த ஒரு ஃப்ரேமை அழித்துவிட்டு, பிறகு அந்தத் தவறுதான் மற்றதை விட உயிரோடு இருந்தது என்று வருந்தியிருக்கிறேன். திரும்ப எடுக்கப் போனபோது ஒளி போய்விட்டது. முடிந்தால் எடுத்தவுடன் படத்தைக் காட்டும் வசதியையே அணைத்துவிடுங்கள். எக்ஸ்போஷரைச் சரிபார்க்க முதல் ஃப்ரேமுக்கு மட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால் போதும்.

மனிதர்களை எடுக்கும்போது கேளுங்கள். கேட்டால் இயல்பு போய்விடும் என்பது பாதி உண்மைதான். முதல் இரண்டு ஃப்ரேமில் விறைத்து நிற்பவர் ஐந்தாவதில் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள், அவ்வளவுதான். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

7. படத்தைப் பார்க்கும் முன் எழுதுங்கள்

இருபதும் முடிந்ததும் எங்காவது உட்காருங்கள். படங்களைத் திறக்காமல் நோட்டை எடுங்கள். மூன்றே வரி: என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எது கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "பார்த்தது: படிக்கட்டின் மூன்றாம் படியில் மட்டும் வெயில். செய்தது: எஃப் 8, 1/250, வெயிலுக்கு அளந்தேன், குனிந்து எடுத்தேன். எதிர்பார்ப்பது: 12ஆவது ஃப்ரேம். கைப்பிடியின் நிழல் படிக்குள் முழுதாக விழுந்திருக்கும்."

பார்த்தபோது 12ஆவதில் நிழலின் நுனி ஓரத்தில் அறுபட்டிருந்தது. நிழலைப் பார்த்த ஆசையில் ஓரத்தைப் பார்க்கவில்லை. நான் எண்ணியே பார்க்காத 9ஆவதில், குனிவதற்கு முன் பாதி குனிந்த நிலையில் எடுத்தது, நிழலும் படியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இதை எழுதாமல் படத்தைப் பார்த்திருந்தால் 9ஐத்தான் நான் முதலிலிருந்தே நினைத்தேன் என்று என்னையே நம்பவைத்திருப்பேன். படத்தைப் பார்த்த நொடியிலேயே நினைவு அதற்கேற்ப வளைந்துவிடுகிறது. எண்ணியதற்கும் வந்ததற்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியை அளக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"அழகாக இருந்தது", "மனதைத் தொட்டது" என்று எழுதாதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த வரிகளிலிருந்து எதையும் மீட்க முடியாது. எங்கே நின்றீர்கள், ஒளி எந்தப் பக்கம், எதற்காகக் காத்திருந்தீர்கள்: இவை எழுதத் தக்கவை.

8. நகல்

வீடு திரும்பியதும் இரண்டு டிரைவிலும் நகலெடுங்கள். கோப்புறைப் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். ஒரு டிரைவ் வேறு கட்டடத்தில் இருப்பது நல்லது. இரண்டும் ஒரே பையில் இருந்தால் பை தொலையும்போது இரண்டும் தொலையும். அன்று இதோடு நிறுத்துங்கள். எடிட்டிங் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

9. வாரக் கடைசியில் தேர்வு

எடுத்த அன்றே தேர்ந்தெடுத்தால் பட்ட பாடு படத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. சில நாள் ஆறவிட்டால் நீங்களும் பார்ப்பவராகிவிடுவீர்கள்.

ஆறு நாளில் 120 ஃப்ரேம் சேர்ந்திருக்கும். முதல் சுற்றில் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கி எல்லாவற்றையும் ஒரே திரையில் வையுங்கள். இந்த அளவில் விவரம் தெரியாது. வெளிச்சமும் இருளும் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது மட்டும் தெரியும். அதில் நிற்காத படம் பெரிதாக்கினாலும் நிற்பது அரிது. பன்னிரண்டைக் குறியுங்கள். இரண்டாம் சுற்றில் பெரிதாக்கி, ஃபோகஸும் ஓரங்களும் பாருங்கள். மூன்றாம் சுற்றில்தான் நோட்டைத் திறக்க வேண்டும். மூன்று படங்கள் மிஞ்சினால் நல்ல வாரம்.

தள்ளுபடியானவற்றையும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரே தவறு மூன்று தடவைக்கு மேல் வந்திருந்தால் அடுத்த வாரக் கட்டுப்பாடு அதுதான். தொடுவானம் சாய்ந்துகொண்டே இருந்ததால் ஒரு வாரம் முழுக்கக் கிடைக்கோடுகளை மட்டும் எடுத்தேன். சலிப்பாகத்தான் இருந்தது, ஆனால் சாய்வு நின்றது.

எடிட்டிங் தேர்வுக்குப் பிறகே. முதலில் நேராக்குதல், பிறகு வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ், கடைசியாகக் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு). ஒரு படத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் படத்தில்தான் கோளாறு.

10. அச்சிட்டு மேசையில் பரப்புங்கள்

மூன்று படங்களையும் 4க்கு 6 அங்குலத்தில் அச்சிடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் இதற்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். கைப்பேசிப் படமே தாராளமாகக் கொடுக்கும். திரையில் பின்னாலிருந்து ஒளி வருவதால் மங்கலான நிழல்கூட விவரத்தோடு தெரியும். அச்சில் அது கறுப்பாகிவிடும். முதல் அச்சு இருட்டாக வந்தால் பயப்பட வேண்டாம். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி சரிசெய்யுங்கள்.

அச்சைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். முகம், மரம், வீடு என்ற பெயர்கள் உதிர்ந்து வடிவங்கள் மட்டும் மிஞ்சும். ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால் உடனே தெரியும்.

நான்கு வாரத்தில் பன்னிரண்டு அச்சுகள் சேரும். மேசையில் பரப்பி, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று நகர்த்திப் பாருங்கள். தனியாகச் சிறந்த படம் வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கும். சாதாரணமான ஒன்று இரண்டைச் சேர்த்துவைக்கும். பிடித்த வரிசையின் எண்களை ஒவ்வொரு அச்சின் பின்னாலும் பென்சிலால் குறியுங்கள். மறுவாரம் வரிசை மாறினால் பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

ஐந்தாம் வாரம் தொடங்கும்போது, முதல் நாள் போன இடத்துக்கே அதே நேரத்தில் அதே லென்ஸோடு போங்கள். பழைய அச்சு வீட்டிலேயே இருக்கட்டும். இருபது ஃப்ரேம் எடுத்து, மூன்று வரி எழுதி முடித்து வீடு திரும்பிய பிறகு அந்த அச்சை வெளியே எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.